ஒரே பெயரில் இரண்டு ஆழங்கள்

மகனே,

உன் மாமாவை அடக்கம் செய்துவிட்டோம். கல்லறைத் தோட்டத்தில் காற்று பலமாக அடித்ததால் சாமியார் சொன்ன செபம் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. உன் அத்தை கோயிலிலும் அழவில்லை, வழியிலும் அழவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கப் போனபோது மட்டும், "மெதுவா இறக்குங்கய்யா, முதுகெல்லாம் புண்ணு அவருக்கு" என்றாள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாரும் மாமாவோடு கடலுக்குப் போனவர்கள். பிறகு அவள் சொன்னபடியே, உயிரோடு இருக்கிற ஆளை இறக்குவதுபோல மெதுவாக இறக்கினார்கள். நான் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. செய்தி உனக்குக் கிடைத்துவிட்டது என்று உன் சிநேகிதன் சொன்னான். ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். போனில் அனுப்புவதையே நீ திறந்து பார்ப்பதில்லை. உறையை மட்டும் பிரித்துப் பார்க்கவா போகிறாய்? அதனால் பத்திரிகையில் அச்சில் வரட்டும் என்று எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. நீ பார்த்த வேலையை இன்றைக்கு எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஏதோ ஓர் ஊரில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, தாங்கள் ஒருநாளும் கண்டிராத மனிதர்களின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்கட்டும். அவர்களுக்காக, உனக்கு நன்றாகத் தெரிந்தவற்றையும் நான் மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் மாமா எனக்கு ஒரே அண்ணன். சங்கு குளிக்கிறவர். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளை நாம் பார் என்போம். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி எடுத்த பார்கள். இப்போது அவற்றைச் சுற்றியுள்ள மணலில் சங்குதான். படகில் காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடிவரைக்கும் இறங்கி, மணலைத் தடவித் தடவிப் பொறுக்கவேண்டும். அந்தச் சங்கில்தான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துக் கணக்கு டீச்சர் ஆனேன். உன் அப்பா காய்ச்சலில் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அதன்பிறகு அப்பா வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன போதெல்லாம் மாமாதான் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். நீ புள்ளியியல் படிக்கப்போகிறேன் என்றபோது அது என்ன படிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. "சனங்களக் கணக்கெடுக்கதாலே?" என்று கேட்டார். "கணக்கெடுத்தத வச்சு உண்மையக் கண்டுபிடிக்கது மாமா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அதைப் படகுக்குப் படகு சொல்லிப் பெருமைப்பட்டார்.

நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு நான் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறதோ என்னவோ. எங்கள் தெருவில் இரண்டு சூசை இருந்தார்கள். இருவரும் கடலுக்குப் போகிறவர்கள், வேறுவேறு வள்ளம். ஒருநாள் வள்ளம் கவிழ்ந்து சூசை போய்விட்டார் என்று கரையிலிருந்து ஓடிவந்த ஆள், தெருமுனையில் இருந்த சூசை வீட்டில் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு வாசலில் விழுந்தாள். தெருவே கூடிவிட்டது. கோயிலில் மணி அடிக்க ஆள் போயாயிற்று. அப்போது அவள் புருஷன், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு, இங்கே என்ன கூட்டம் என்று கேட்டபடி நடந்து வந்தார். அவள் சிரித்தாள், அழுதாள், அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவளை அதுவரை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவள் மற்ற சூசையின் மனைவி. எல்லாரும் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவள் மடி காலியாக, கைகளை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். பெயர் ஒன்றாக இருப்பது ஒரு வசதி. ஆள் ஒன்று என்பதற்கு அது சாட்சி இல்லை.

நீ வேலைக்குச் சேர்ந்தது குளிக்கிறவர்களின் உடம்பைக் காப்பாற்றத் தொடங்கிய ஒரு திட்டத்தில். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, கைகால் விழுந்துவிடும். நம் கரையில் அப்படி முடங்கிக் கிடப்பவர்களை நீயே வீடு வீடாகப் போய்ப் பார்த்தாய். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு நன்றாகச் சோதித்த அட்டவணை உண்டு. ஒவ்வொரு பாரும் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் போதும், எத்தனை நிமிஷத்தில் ஏறிவிடவேண்டும் என்று அட்டையில் அச்சடித்துப் படகுக்குப் படகு கொடுத்துவிடலாம். நல்ல வேலை. இத்தனைக்குப் பிறகும் அதை நல்ல வேலை என்றுதான் சொல்வேன்.

உன்னிடம் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று, கருவி வைத்த படகில் போய் அளந்தது. அதில் ஆழம் மீட்டரில் இருந்தது. ஆனால் அந்தப் படகு எல்லாப் பார்களுக்கும் போகவில்லை. மற்றது, குளிக்கிறவர்களைக் கரையில் கேட்டு எழுதியது. நம் ஆட்கள் ஆழத்தை மீட்டரிலா சொல்வார்கள்? பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. எழுதியவர்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்கள். மேலிருந்து கீழே போகிற வரிசையை நான் வகுப்பில் நிரல் என்று சொல்லிக்கொடுப்பேன். இரண்டு கோப்பிலும் ஆழத்துக்கான நிரலுக்கு டெப்த் என்றே தலைப்பு வைத்திருந்தார்கள்.

நீ ஆர் என்கிற கம்ப்யூட்டர் மொழியில், பாரின் பெயரை வைத்து இரண்டு கோப்புகளையும் இணைத்தாய். ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் வந்ததால் அந்த மொழி தானாகவே ஒன்றுக்கு டெப்த் எக்ஸ் என்றும் மற்றதற்கு டெப்த் ஒய் என்றும் வால் ஒட்டியது. ஒரே சாமான் எதற்கு இரண்டு இடத்தில் என்று நீ ஒரு வரி எழுதினாய். எக்ஸில் எண் இருந்தால் அதை எடு, காலியாக இருந்தால் ஒய்யில் இருப்பதை எடு. அதற்கென்றே கோயலெஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பிறகு எக்ஸையும் ஒய்யையும் அழித்துவிட்டாய். பார்க்கச் சுத்தமாக ஒரே நிரல், நடுவில் ஓட்டை இல்லை. கருவிப் படகு போன பார்களுக்கு மீட்டர், போகாத பார்களுக்குப் பாகம், எல்லாம் ஒரே பெயரின் கீழ். பதினான்கு பாகம் ஆழமுள்ள பள்ளப் பார் உன் நிரலில் பதினான்கு மீட்டர் ஆகிவிட்டது. பெரும்பாலான பார்கள் சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அட்டை கொடுக்க விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், சீக்கிரம் முடி என்று உன் மேலதிகாரி அம்மா விரட்டினார். ஆழத்தையும் போட்டால் படகுக்காரர்கள் குழம்புவார்கள், பாரின் பெயரும் நிமிஷமும் போதும் என்று சொன்னவரும் அவரே. ஆழத்தைப் போட்டிருந்தால் விழாப் பந்தலிலேயே யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். உன் பாரத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது இது.

மாமா அந்த அட்டையைக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். வழக்கமாகப் பள்ளப் பாரில் அவர் அரைமணி நேரம்கூடத் தங்கமாட்டார். முழங்கால் கனத்தால் ஏறிவிடுவார். அன்றைக்கு அவர் மகன் ரீகன் மேலே நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, எப்பயும்போல சீக்கிரம் ஏறிருங்க" என்று சொல்லியிருக்கிறான். "ஒரு மணி நேரம் இருக்கலாம்னு அட்டையில போட்டிருக்குல்லா. நம்ம பய போட்ட கணக்குலே இது" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். நல்ல சங்கு கிடைத்திருக்கிறது. மேலே வந்து, பையைப் படகில் கவிழ்த்து, சிரித்து, தேத்தண்ணி குடித்திருக்கிறார். பாதி வழியில், "ஏலே, காலு மரத்துப்போச்சு" என்றிருக்கிறார். கரைக்கு வந்தபோது நான்கு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நீயும் நானும் ஒன்றாகத்தான் ஓடினோம். அந்த இளம் டாக்டர் மாமாவின் காலில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆழத்துல இருந்தாரு?" என்று கேட்டார்.

"பதினாலு பாகம் சார்" என்றான் ரீகன்.

"பாகம்னா?"

ரீகன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "இம்புட்டு சார். ஆறடி."

டாக்டர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். "இருபத்தஞ்சு மீட்டருக்கு மேல வருது. அந்த ஆழத்துல ஒரு மணி நேரம் எதுக்கு இருந்தாரு?"

ரீகன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நீ பதில் சொல்வாய் என்று உண்மையாகவே நம்பிப் பார்த்தான். "இவன்தான் சார் கணக்கு போட்டவன். இவன்கிட்ட கேளுங்க" என்றான். நீ, "பதினாலு மீட்டர் இல்லையா?" என்று கேட்டாய். கேட்டு முடிக்குமுன்பே உனக்கு விளங்கிவிட்டது. அழுத்தம் கொடுத்துக் குமிழியைக் கரைக்கிற அறை பக்கத்தில் எங்கும் இல்லை. ஆம்புலன்ஸில் வெகுதூரம் கொண்டுபோனோம். அங்கே தங்களால் ஆனதைச் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

நீ எதையும் ஒளிக்கவில்லை. ஆம்புலன்ஸின் பின்னால் வந்த காரிலேயே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாய். ஊர் திரும்பியதும் ரீகனிடம் சொன்னாய், அத்தையிடம் சொன்னாய், உன் அலுவலகத்தில் சொன்னாய். அதை நான் மறக்கமாட்டேன். அலுவலகத்தில், இப்போது இதைப் பெரிதாக்கவேண்டாம், மற்ற அட்டைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொள்ளவில்லை. திட்டம் முடிந்தது என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். நீயும் போனாய். மடிக்கணினியை அலமாரிமேல் வைத்துவிட்டு, துணிப்பையோடு சென்னைக்கு ரயில் ஏறினாய். ஒரு கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறாய் என்று கேள்விப்பட்டேன். இனி எண்களைத் தொடமாட்டேன் என்று சிநேகிதனிடம் சொன்னாயாம்.

இங்கே மாமாவுக்குக் கட்டில் முன்னறைக்கு வந்தது. நீ பார்க்காததை நான் எழுதத்தான் வேண்டும். மூத்திரத்துக்குக் குழாய், கட்டில் காலில் பை. அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க அத்தையும் ரீகனும் சேர்ந்து தூக்கவேண்டும். அப்படி மாற்றியும் இடுப்பில் புண் வந்தது, பிறகு முதுகில். தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டோம், அதற்கும் நிற்கவில்லை. வாய்விட்டு அதட்டத் தெரியாத மனிதர் தட்டை எறிந்தார். பார்க்க வந்தவர்களைப் போகச் சொன்னார். கடலைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றார். ஒருநாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"ஏளா, இந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு அவன் ஒனக்குச் சொன்னானா?"

"சொன்னாம்ண்ணே. எனக்கு முழுசாப் புரியல."

"நீ படிச்சவதானே. புரிஞ்சுட்டு வந்து சொல்லு. எங்காலு எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அலமாரியிலிருந்து உன் மடிக்கணினியை இறக்கினேன். அதிலேயே நீ விட்டுப்போன கோப்புகளைத் திறந்தேன். இந்த வயதில் அந்த மொழியைப் படித்தேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் சிவப்பில் கத்தும். சின்ன எழுத்தில் டெப்த் என்றால் ஒன்று, பெரிய எழுத்தில் என்றால் வேறொன்று. எத்தனையோ முறை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். அண்ணன் கேட்ட கேள்விக்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீ எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அந்த ஒரு வரியில் வந்து நின்றேன். அதில் எழுத்துப்பிழை இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்கிறது.

பிறகு ஒரு தாளில் இரண்டு நிரல் வரைந்து, அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சொன்னேன். இது கருவி அளந்தது, இது நீங்க எல்லாம் சொன்னது, ரெண்டுக்கும் ஒரே பேரு, இது காலியா இருந்த இடத்துல அத எடுத்துப் போட்டுட்டான். அவர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளைமாதிரி கவனித்துக் கேட்டார்.

"அட்டை அடிக்க முன்னாலயே இது தெரிய வழியே இல்லையா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "இருந்துச்சுண்ணே. ரெண்டுலயும் எண்ணு இருந்த பாரு நெறைய இருக்கு. அத மட்டும் தனியா எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா, ஒண்ணு மத்ததுல பாதி மாதிரி இருக்கேன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

"பாக்கல."

"பாக்கல."

"என்னையச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போடுளா" என்றார். என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. ரீகனைக் கூப்பிட்டுத்தான் திருப்பிப் போட்டோம். அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. சபிக்கவும் இல்லை. அதற்குப்பிறகு உன் பெயரை எடுக்கவே இல்லை.

மற்றப் படகுகளில் அந்த அட்டைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ரீகனும் நானும் போய்ப் போய் வாங்கினோம். சிலர் எங்களைக் கண்டதும் அவிழ்த்துக் கொடுத்தார்கள். பழைய படகுக்காரர் ஒருவர், "டீச்சர், ஒங்க வீட்டு அட்டையால ஒருக்கா பட்டதே போதும், இன்னொண்ண எடுத்துட்டு வந்துராதீங்க" என்று எல்லார் முன்னிலும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் அட்டையே இல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை. அந்தச் சீசனிலேயே இன்னும் ஒரு பையன் தோளைத் தூக்க முடியாமல் கரைக்கு வந்தான். அதனால் வேலையை முதலிலிருந்து நானே செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உனக்காகவும், உன் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகவும். இணைப்பதற்கு முன்பே பெயரை மாற்றினேன். ஒன்றுக்குக் கருவி மீட்டர், மற்றதற்குச் சொன்ன பாகம். எக்ஸ், ஒய் என்று அந்த மொழி வால் ஒட்டும்வரை காத்திருக்கவில்லை. பிறகு, கேட்டு எழுதியவர்களைத் தேடிப்போய், எண்ணுக்குப் பின்னால் அவர்கள் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டேன். இரண்டிலும் எண் உள்ள பார்களைத் தனியே எடுத்து ஒப்பிட்டேன். எல்லாம் எதிர்பார்த்தபடி பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. விசாரித்தால், அதைச் சொன்னவன் வெளியூரில் ஆழம் காட்டும் கருவி கட்டிக் குளித்தவன், மீட்டரில் சொல்லியிருக்கிறான். அதையும் பாகம் என்று நினைத்து மாற்றியிருந்தால் நானும் ஒரு பொய்யை உண்டாக்கியிருப்பேன். பாகத்தை மீட்டராக்கிப் புதிய நிரலில் வைத்தேன். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இன்னொரு நிரல். பழைய இரண்டையும் அழிக்கவில்லை. சந்தேகமான இடங்களைக் காலியாகவே விட்டேன். ரீகனும் அவன் கூட்டாளிகளும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு அளந்து வந்த பிறகே அவற்றை நிரப்பினேன். காலி இடத்தைக் கண்டால் உனக்கு அவமானமாக இருந்தது, மகனே. எதையாவது போட்டு மூடினால்தான் வேலை முடிந்ததாக நினைத்தாய். தெரியாதது தெரியாததாகவே கண்ணில் படட்டும். அது யாரையும் கடலுக்கடியில் அதிக நேரம் உட்காரவைக்காது.

புதிய அட்டையில் ஆழம் பாகத்திலும் இருக்கிறது, மீட்டரிலும் இருக்கிறது. அதை அண்ணனுக்குக் காட்ட முடியவில்லை. புண் வழியாகவோ குழாய் வழியாகவோ கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்துத்தான் கொண்டுபோனோம். அங்கே நினைவு தப்பியது, திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் போனபின் ஒருநாள், புதிய அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். ரீகனுக்காகத்தான். இதுவரை மேலே நின்று குழாய் பார்த்தவன், இந்தச் சீசனில் அப்பா இடத்தில் தானே இறங்கப்போகிறான். வேறு வேலை பார் என்று நானும் சொன்னேன், அத்தையும் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அத்தை குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

"நான் போட்டது மதினி. பழசு இல்ல. எல்லாம் மொதல்லருந்து பாத்துப் போட்டிருக்கேன்."

"ஒம்மவன் பாத்தானா?"

அந்த வீட்டில் உன்னைப்பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது. "இல்ல மதினி" என்றேன்.

அட்டையை மேசைமேல் வைத்தாள். "அவன் பாக்கணும்."

"மதினி..."

"ஏளா, நான் அவன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராத. மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். அவன் இந்தப் படி ஏறவும் வேண்டாம். ஆனா இத அவன் பாக்கணும். நீ நல்லாத்தான் போட்டிருப்ப, எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தப்பச் செஞ்சதுனாலயே ஒவ்வொரு எண்ணையும் பயந்து பயந்து பாக்குறவன் அவன் ஒருத்தன்தான். அவன் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் இத எம்பய கையில குடுப்பேன்."

அவள் மறுபடி குசினிக்குள் போய்விட்டாள். நான் அட்டையை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு கோப்புகளையும் நான் எழுதிய எல்லா வரிகளையும் உன் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். கடை வேலை முடிந்ததும் எந்தக் கம்ப்யூட்டரிலாவது உட்கார்ந்து, ஒரு பாரையும் விடாமல் பார். நான் பெற்றவள் என்று எதையும் விட்டுக்கொடுக்காதே. சரியாக இருந்தால் சரி என்று ஒரு வரி எழுது. தப்பாக இருந்தால் எங்கே என்று எழுது. அதை அப்படியே அத்தையிடம் படித்துக்காட்டுகிறேன். வேறு எதுவும் அதில் எழுதவேண்டாம். மன்னிப்புக் கேட்டும் எழுதவேண்டாம், அவள் அதைக் கேட்கவில்லை.

சீசன் திறக்க அதிக நாள் இல்லை. ரீகன் கம்ப்ரசரைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்துவிட்டான், புதுக் குழாயும் வாங்கிவிட்டான். அட்டை அத்தையின் மேசைமேல் இருக்கிறது. அது கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், கடல் திறந்த அன்று அவன் இறங்கத்தான் போகிறான்.

உன் அம்மா